நஞ்சில்லாத மீன்தோல் தேடி எழுமலைக்கு

மதுரையில் இறங்கியபோது பகல் பதினொரு மணி. வானத்தைப் பார்த்தால் பின்னேரம் ஆறு மணி என்று சொல்லலாம். மன்னாரிலிருந்து கொழும்புக்கு வந்த பஸ் பயணத்தில் பாதி நேரம்கூட இந்த விமானப் பயணத்துக்கு ஆகவில்லை. கடவுச்சீட்டில் முத்திரை குத்திய பெண் என் விண்ணப்பத்தில் இருந்த காரணத்தை இரண்டு முறை படித்தாள்.

“மீன் தோலா? அதைப் படிக்கவா வந்திருக்கீங்க?”

ஆம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊரில் மீனின் சதையை மட்டும் வெட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்பும் கம்பனி ஒன்று இருக்கிறது. தோலைக் கடற்கரையில் கொட்டுவார்கள். காகமும் நாயும் தின்றது போக மீதி கிடந்து நாறும். அந்தத் தோலைப் பதனிட்டால் பர்ஸ் செய்யலாம், செருப்பு வார் செய்யலாம் என்று ஒரு திட்டத்தில் எட்டுப் பெண்களைச் சேர்த்தார்கள். நானும் ஒருத்தி. பதனிடுவதற்கு நீலப்பச்சை நிறத்தில் ஒரு தூள் தந்தார்கள். குரோம் உப்பு. தோல் அழகாகத்தான் வந்தது. இரண்டு மாதத்தில் கையுறைகள் கிழிந்தன, புதியவை வரவில்லை. எங்களில் ஒருத்தியான செல்விக்கு விரல் இடுக்குகளில் குழிகுழியாகப் புண் விழுந்தது. நாங்கள் கழிவுத் தண்ணீர் ஊற்றிய மணலுக்குப் பக்கத்தில் ஒரு கிணறு இருந்தது. இப்போது அதில் ஒருவரும் தண்ணீர் அள்ளுவதில்லை. வேலையை நிறுத்திவிட்டோம். குரோம் இல்லாமல் மரப்பட்டையால் மீன்தோல் பதனிடுகிற ஒருவர் மதுரைப் பக்கம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, எட்டுப் பேருக்காகவும் என்னை அனுப்பினார்கள்.

அவர் பெயர் சாந்தாராம். ஐம்பது வயதைத் தாண்டியவர். வீடு விளாங்குடியில். நான் தங்கியிருந்த பசுமலை விடுதிக்கு அன்று மாலையே ஸ்கூட்டரில் வந்தார். வந்ததும் கை கொடுக்காமல் கும்பிட்டார். ஏன் என்று பிறகுதான் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் வெந்து ஆறியதுபோல வெளுத்துக் கிடந்தது.

“இருவது வருஷம் தோல் பதனிடுற ஷாப்புல கெமிஸ்டா இருந்தேம்மா. குரோம் கொடுத்த கிஃப்ட் இது,” என்றார்.

செல்வியின் விரல்களைப் பற்றிச் சொன்னேன். புண் எந்த இடத்தில், எத்தனை நாளில் ஆறியது, ஆறிய பிறகு அரிப்பு இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் ஊர் வைத்தியர்கூட இவ்வளவு கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குக் கடை காட்டிவிட்டுப் போனார். பாண் இருக்கிறதா என்று கேட்டேன், கடைக்காரருக்குப் புரியவில்லை; இங்கே அது பிரெட். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றி, கேட்காமலே இன்னொரு கரண்டியும் ஊற்றினார். எங்கள் ரொட்டியை நாங்கள் இப்படி மூழ்கடிப்பதில்லை. காரத்தில் கண் கலங்கியது. பக்கத்து மேசைக்காரர் தண்ணீர்க் குவளையை என் பக்கம் தள்ளிவிட்டு, “மொத நாளு அப்படித்தான் இருக்கும்,” என்றார்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே கரிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போனோம். மழை பெய்து விட்டிருந்தது. தரையில் மழைத்தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் கணுக்கால் அளவு நின்றன. கொடுவா மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் சாந்தாராம் தோல் மட்டும் கேட்டார்.

“தோலா? அம்புட்டையும் அள்ளிக்கிட்டுப் போங்கண்ணே. நாய்க்குப் போடுறதுதான்,” என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, “இதையா திம்பீங்க?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்தது இரக்கம்தான்.

கொடுவாத் தோலையும் கட்லாத் தோலையும் உப்புத் தடவி, ஒரு சாக்குக்குள் இன்னொரு சாக்கை வைத்துக் கட்டினோம். அவர் பட்டறை இருக்கும் எழுமலைக்குப் போகிற பஸ்சில் ஏறினோம். நாகமலை தாண்டுவதற்குள் சாக்கு கசிந்துவிட்டது. முதலில் ஒரு குழந்தை மூக்கைப் பொத்தியது. அடுத்து அதன் தாய். செக்கானூரணிக்கு முன்பே நடத்துநர் வந்து நின்றார்.

“அண்ணே, செத்த எலி ஏதும் வச்சிருக்கீகளா?”

“மீன் தோலு தம்பி. தோல் பதனிடுற வேலைக்கு.”

“எந்த வேலைக்கா இருந்தாலும் எறங்கிருங்கண்ணே. பஸ்சுல அம்புட்டுப் பேரும் என்னையத்தான் பாக்குறாக.”

இறக்கிவிட்டார்கள். தூறலில் நின்றோம். எங்கள் ஊரில் பஸ்சில் கருவாட்டுச் சாக்கின்மேல் உட்கார்ந்தே நான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். கடல் இல்லாத ஊரில் மீனின் மணம் குற்றமாகிவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து, மாட்டுத்தாவணியில் பூ இறக்கிவிட்டு உசிலம்பட்டிக்குத் திரும்பும் ஒரு குட்டி வேன் நின்றது. டிரைவர் கதவைத் திறந்த பிறகுதான் சாக்கைப் பார்த்தார்.

“நாளைக்கு என் மல்லியை எவன் வாங்குவான்?” என்று கேட்டபடியே ஏற்றிக்கொண்டார். உதிர்ந்த மல்லிகை மொட்டுகளின்மேல் மீன்தோல் சாக்கை வைத்துக்கொண்டு உசிலம்பட்டி போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து ஓட்டோ. இங்கே அதை ஆட்டோ என்கிறார்கள்.

சாந்தாராமின் பட்டறை எழுமலைக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் ஒரு பழைய மோட்டார்க் கொட்டகை. கொட்டகையும் அதைச் சுற்றிய நிலமும் பாண்டியம்மாளுடையவை. முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பனியில் வேலை செய்கிறார். ஒரு மகள் உசிலம்பட்டியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பயிற்சிக்கு வருகிறவர்கள் அவள் வீட்டில்தான் தங்குவார்கள், அவள் சமையலைத்தான் சாப்பிடுவார்கள்.

“வாங்கக்கா. தலையைத் துவட்டுங்க மொதல்ல. ஊரே ஈரமாக் கெடக்கு,” என்று ஒரு துண்டை நீட்டினாள். இலங்கையில் போர் நடந்ததே, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டாள். ஆனது என்று சொன்னேன். மேற்கொண்டு கேட்காமல் சோற்றைப் போட்டாள். தட்டாம்பயறுக் குழம்பு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சாப்பிடுகிற வேகத்திலேயே சாப்பிட்டாள்.

கொட்டகைக்குக் கீழே சரிவில் ஒரு பண்ணைக்குட்டை. அவள் வெட்டியது. கொழுந்தனுக்கு அந்த இடத்தில் பருத்தி போட வேண்டும். புருஷனும் தம்பி பக்கம். இவள் பிடிவாதமாகக் குட்டை வெட்டி கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக வலை போடப்போகிறாள்.

“மீனு வரலைன்னா குட்டையை மூடிட்டுப் பருத்திதான்னு நானே வாக்குக் கொடுத்துட்டேங்க்கா. கொழுந்தன் நாளை எண்ணிக்கிட்டு இருக்காரு,” என்றாள். புண்ணாக்கை உருட்டிப் போட்டதும் தண்ணீர் கொதிப்பதுபோல மீன்கள் எழும்பின. அதுவரை அந்தப் பயணத்தில் நான் பார்த்த ஒரே உற்சாகமான காட்சி அதுதான். வீட்டுச் சட்டிக்கு ஒரு மீன்கூட அவள் எடுப்பதில்லை.

திங்கட்கிழமை முழுவதும் தோலைச் சுரண்டினோம். கத்தியை விட மழுங்கிய சோற்றுக் கரண்டிதான் இதற்குத் தோது. சதை ஒரு நூல் மிச்சமிருந்தாலும் அங்கே பட்டை ஏறாது. செதில் எடுத்த இடங்களில் வரிசை வரிசையாகச் சின்னப் பைகள் தெரியும். மீன்தோலின் அழகே அவைதான். பிறகு சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டோம். மறுநாள் கழுவி, புளித்த தவிட்டுத் தண்ணீரில் போட்டோம். சுண்ணாம்பு இறங்கித் தோல் துவண்டு பட்டுப்போல ஆனது.

“மாட்டுத்தோலு மாதிரி நெனைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணியில போட்டாலே மீன்தோல் பிசினாப் போயிரும். குளுமையா, மெதுவாச் செய்யணும்,” என்றார் சாந்தாராம்.

பட்டை என்றால் ஆவாரம்பட்டை. அந்தப் பக்கத்துத் தரிசுகளில் மஞ்சள் பூவோடு நிற்கிற செடிதான். அதோடு கருவேலம்பட்டை, கொஞ்சம் கடுக்காய். இடித்து ஊறவைத்து நீல நிற டிரம்களில் நிரப்பியிருந்தார். முதலில் வெளிர்ந்த தண்ணீர், இரண்டு நாள் கழித்துக் கறுத்த தண்ணீர். எடுத்ததுமே கறுத்த தண்ணீரில் போட்டால் தோலின் மேற்பரப்பு இறுகிவிடும், உள்ளே பச்சையாகவே நின்றுவிடும்.

நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். டிரம்மில் விரலை விட்டு நக்கிக் காட்டினார். நானும் நக்கினேன். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்ததுபோல நாக்கு சுருங்கியது.

“இதுல விஷம் கிடையாதும்மா. வெறும் மரப்பட்டைத் தண்ணி,” என்றார். அதையும் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். இதைக் கேட்கத்தானே கடல் தாண்டி வந்தேன்.

ஆனால் பழைய தண்ணீரை அவர் வாளியில் முகந்து முகந்து, கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்த குழியில் கொண்டுபோய் ஊற்றினார். டிரம்மின் அடியில் ஒரு குழாய் இருந்தது. அதைத் திறந்தால் தென்னைகளுக்குப் போகும் வாய்க்காலில் தானாகவே ஓடிவிடும்.

“ஏன் சுமக்கிறீங்கள் அண்ணன்?”

“எந்தத் தண்ணியையும் கண்ட எடத்துல விடக் கூடாதும்மா,” என்றார். அந்த நேரம் அவர் கைப்பேசி அடித்தது. மனைவி. அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனால் திட்டு என்பது எந்த மொழியிலும் தெரியும். பேசி முடித்துவிட்டு அவரே மொழிபெயர்த்தார்: “வியாழக்கிழமை எங்க வீட்டுல விசேஷம். மீன் நாத்தத்தோட வந்தா வாசல்லயே நிறுத்திக் குளிப்பாட்டுவேன்னு சொல்லுது.” இருவரும் சிரித்தோம். குழியைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோனது.

புதனும் தூறல். வெயில் என்பதே இல்லை. துவைத்த துணி காயாமல் நாறியது. மன்னாரில் மழை வந்தால் ஒரு பாட்டம் கொட்டிவிட்டுப் போகும். இந்த ஊர் வானம் பெய்யவும் இல்லை, வெளுக்கவும் இல்லை. பாண்டியம்மாள் குட்டைக்கரையில் நின்று அடிக்கடி மேலே பார்த்தாள். “மோடம் போட்டா மீனுக்கு ஆகாதுக்கா. மூச்சு முட்டும்,” என்றாள். மோடம் என்றால் மேகமூட்டம்.

வியாழக்கிழமை சாந்தாராம் விளாங்குடிக்குப் போய்விட்டார். போகும்போது, “மத்தியானத்துக்கு மேல தோலைக் கறுத்த தண்ணிக்கு மாத்திருங்க. நான் நாளைக்கு வாரேன்,” என்றார். மாற்றினேன். தோல்கள் நல்ல தேன் நிறத்துக்கு வந்திருந்தன. எனக்கு அப்படியொரு பெருமை. எட்டுப் பேருக்கும் இனி வேலை உண்டு என்று நினைத்தேன்.

மூன்று டிரம்கள் மிச்சம். சுண்ணாம்பு, தவிடு, வெளிர்ந்த பட்டைத் தண்ணீர். நான்கு நாள் குனிந்து வேலை செய்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. மூன்று டிரம்மையும் வாளியில் சுமப்பதை நினைத்தேன். விஷம் கிடையாது என்று கொப்பியில் இரண்டு கோடு போட்டிருந்ததையும் நினைத்தேன். மூன்று குழாயையும் திறந்துவிட்டேன். பழுப்புத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கித் தென்னைகளின் பக்கம் வளைந்து போவதைப் பார்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மாலையில் மழை வலுத்தது. பாண்டியம்மாள் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். என் இடுப்புக்கு விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டவளும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவள் கத்தினாள். பெயர் சொல்லி அல்ல, வெறும் சத்தம். ஓடினேன். குட்டையின் மேற்பரப்பு முழுவதும் வாய்கள். பெரிய மீன்கள் தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடின. சில ஏற்கனவே பக்கவாட்டில் சாய்ந்திருந்தன.

“மோடம்க்கா! மூச்சு முட்டுது! தண்ணியை அடிங்க, அடிங்க!”

தென்னை மட்டையால் அவள் ஒரு பக்கம் அடித்தாள், நான் மறுபக்கம். தண்ணீரைக் கலக்கினால் காற்று சேரும். கிணற்று மோட்டார் ஓடினால் நல்ல தண்ணீர் பாய்ச்சலாம், ஆனால் மின்சாரம் இல்லை. பக்கத்து வயல்காரர் பெரியசாமி வரப்பில் நின்று பார்த்தார்.

“ஒரு வாரமா மோடம். வேற என்ன ஆகும்? வெயில் வந்தாச் சரியாயிரும் தாயி,” என்றார்.

மட்டையை ஓங்கியபோதுதான் நான் அதைப் பார்த்தேன். தென்னைகளைத் தாண்டி வாய்க்காலின் கடைசிக் கரை மழையில் உடைந்திருந்தது. உடைந்த இடத்திலிருந்து குட்டைக்குள் ஒரு பழுப்புக் கோடு இறங்கியிருந்தது. கரையோரம் தவிட்டு நுரை ஒதுங்கியிருந்தது.

அப்போது காலை ஏழு மணி இருக்கும். பாதி மீன்களுக்கு மேல் உயிரோடு இருந்தன.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. நாக்கு அன்று பட்டைத் தண்ணீரில் சுருங்கியதைவிட அதிகமாகச் சுருங்கிக் கிடந்தது. மோடம்தான் காரணமாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தண்ணீரை அடித்தேன். மூன்று மணி நேரம் அடித்தேன். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது. பத்து மணிக்கு மெல்லிய வெயில் வந்தது. அதைப் பார்க்க ஒரு மீனும் இல்லை. எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

பாண்டியம்மாள் கரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. சேலையில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சாந்தாராம் பதினொரு மணிக்கு வந்தார். குளித்து, புது வேட்டி கட்டி, நெற்றியில் நாமத்தோடு இருந்தார். குட்டையைப் பார்த்தார். கொட்டகைக்குள் போனார். திறந்து கிடந்த மூன்று குழாய்களையும் மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து பழுப்புக் கோட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“பாண்டியம்மா, மோடம் மட்டும் இல்ல,” என்றார். “எங்க டிரம் தண்ணி உள்ள போயிருக்கு. தப்பு என்னோடது.”

அவள் நிமிர்ந்தாள். “விஷம் இல்லன்னுதானேண்ணே சொன்னீக? நாலு வருஷமாச் சொன்னீகளே?”

“விஷம் இல்லதான். ஆனா தவிடும் பட்டையும் தண்ணிக்குள்ள அழுகும்மா. அழுகுறதுக்குக் காத்து வேணும். மீனுக்கு இருக்கிற காத்தை அது எடுத்துக்கிரும். மோடம் வேற. குரோம் மெதுவாக் கொல்லும். இது ஒரு ராவுல.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அதுக்குத்தான் குழி. நான் சரியாப் பாக்காமப் போயிட்டேன்,” என்றார்.

வாயைத் திறக்க இதைவிட நல்ல நேரம் எனக்கு வந்திருக்காது. பெரியசாமியும் இன்னும் நாலைந்து பேரும் கரையில் நின்றார்கள். கொழுந்தனும் வந்துவிட்டார். “கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லு மொதல்ல,” என்றார் அவர். “தோல் வேலைன்னாலே இப்படித்தான்னு அன்னைக்கே சொன்னேன்.” சாந்தாராம் தலையாட்டினார். நான் என் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று முழுவதும் மீன்களை அள்ளிப் பள்ளத்தில் போட்டு மூடினோம். செத்த மீனைச் சந்தைக்குக் கொண்டுபோக அவள் சம்மதிக்கவில்லை. “என்னத்தைக் குடிச்சுச் செத்ததுன்னு தெரிஞ்சும் அதை ஒருத்தர் பிள்ளைக்குக் குடுக்கவா?” என்றாள். நான் ஒவ்வொரு மீனையும் வாலைப் பிடித்துத் தூக்கினேன். கனமான மீன்கள். தோலின் செதில் வரிசை கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது. எந்தத் தோல் நன்றாகப் பதப்படும் என்று என் கண் தானாகவே கணக்குப் போட்டது. அந்தக் கண்ணைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது.

மாலையில் கொட்டகைக்குள் சாந்தாராம் தனியாகச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏன் அப்பிடிச் சொன்னீங்கள் அண்ணன்?”

“விஷம் இல்லன்னு சொன்னது நாந்தானேம்மா. அதை நம்பித்தானே தொறந்தீங்க. முழுசாச் சொல்லாதது என் தப்புதான்.”

“நீங்கள் சொன்னீங்கள். கண்ட இடத்தில விடக் கூடாது எண்டு. நான் கேட்டனான்.”

அவர் கயிற்றை இறுக்குவதை நிறுத்தவில்லை. “நாளைக்கு ஊருக்குப் போறவுக. போயிட்டு வாங்க,” என்றார்.

சனிக்கிழமை காலை தோலைப் பார்த்தோம். ஓரத்தில் ஒரு துண்டை வெட்டினார். நடுப்பகுதி வரை ஒரே நிறம். அந்தத் துண்டைச் சுடுதண்ணீரில் போட்டார். பச்சைத் தோலாக இருந்தால் சுருண்டு பிசினாகியிருக்கும். இது அசையாமல் கிடந்தது. “நல்லா வந்திருக்கு,” என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். சவர்க்காரம் கலந்த எண்ணெயைத் தடவி, மரக்கட்டையின் மழுங்கிய விளிம்பில் இழுத்து மிருதுவாக்கினோம். மீன் மணம் போய், ஈரமான மரத்தின் மணம் வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல தோல் அது.

மத்தியானம் நான் கிளம்ப வேண்டும். பாண்டியம்மாள் அடுப்படியில் இருந்தாள். வாசலில் நின்று சொன்னேன்.

“பாண்டியம்மா, சாந்தாராம் அண்ணன் திறக்கேல்லை. நான்தான் திறந்து விட்டனான்.”

என் தமிழ் அவளுக்கு உடனே பிடிபடவில்லையோ என்று, திரும்பவும் சொன்னேன். “வியாழக்கிழமை, மூண்டு குழாயும். நான்.”

கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நேத்துக் காலையில ஒங்களுக்குத் தெரியுமாக்கா? நாம தண்ணியை அடிச்சுக்கிட்டு இருந்தப்ப?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

“தெரியும். வாய்க்கால் உடைஞ்சிருந்ததைக் கண்டனான்.”

உலை கொதித்து மூடியைத் தள்ளியது. அவள் அதை நகர்த்தவில்லை.

“மோடம்னு நெனச்சுல்லக்கா வெயிலுக்காகக் காத்துக்கிட்டு நின்னேன்,” என்றாள். “கெட்ட தண்ணின்னு தெரிஞ்சிருந்தா, கொழுந்தன் கால்ல விழுந்தாவது டீசல் எஞ்சினை வாங்கிட்டு வந்திருப்பேன். கிணத்துத் தண்ணியைப் பாய்ச்சிப் பாதி மீனையாச்சும் காப்பாத்திருப்பேன். ஏழு மணிக்குப் பாதிக்கு மேல உசிரோடதானே இருந்துச்சு.”

மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல் அந்த அடுப்படியில் எதையும் தொடாமல் போய் விழுந்தது.

அவள் எழுந்து இலையைப் போட்டாள். சோறு, ரசம், அவரைக்காய். “சாப்புட்டுட்டுக் கெளம்புங்க. பஸ்சு ரெண்டு மணிக்கு,” என்றாள். ஒரு வாரமாக என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள், பரிமாறிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். நான் சாப்பிட்டேன். ஒரு பருக்கையும் மிச்சம் வைக்கவில்லை. மிச்சம் வைக்கவும் எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது. கிளம்பும்போது சாந்தாராமைக் கொட்டகையை விட்டு அனுப்ப வேண்டாம் என்று கேட்டேன்.

“அது இனி என் கையில இல்லக்கா. கொழுந்தனுக்குக் காரணம் கெடச்சிருச்சு. நீங்கன்னு தெரிஞ்சாலும் அவருன்னு தெரிஞ்சாலும் ஒண்ணுதான்.”

இரண்டு மணி பஸ்சில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் தரிசுகளில் ஆவாரம்பூ மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. உசிலம்பட்டியில் ஏறிய இரண்டு பெண்கள் யாருடைய கல்யாணத்தையோ பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டார்கள். மதுரையில் கடைசி இரவு எதையும் பார்க்கவில்லை. கோயிலுக்குப் போகவில்லையா என்று விடுதிக்காரர் கேட்டார். களைப்பு என்றேன். ஞாயிற்றுக்கிழமை, அவள் வலை போட இருந்த அதே காலையில், நான் விமானத்தில் இருந்தேன்.

பிறகு நடந்ததை சாந்தாராம் தொலைபேசியில் சொன்னார். கொட்டகையைக் காலி செய்துவிட்டார். வேறு இடம் தேடுகிறார். அவர் மனைவிக்கு நிம்மதி. குட்டையில் மண் தள்ளி மூடிவிட்டார்கள், பருத்திக்கு உழுதாயிற்று. பாண்டியம்மாள் திருப்பூருக்குப் போய் புருஷனோடு அதே பனியன் கம்பனியில் சேர்ந்துவிட்டாள். அவளுடைய எண்ணுக்கு நான் மூன்று முறை அழைத்தேன். மூன்றாவது முறை எடுத்தாள். என் குரலைக் கேட்டதும், “வேலையில இருக்கேங்க்கா,” என்றாள். அதற்குப் பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல். துண்டித்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் அழைக்கவில்லை.

நான் ஊருக்கு வந்த அன்றே பெண்கள் எங்கள் கொட்டிலில் கூடிவிட்டார்கள். தோலை எடுத்துக் கொடுத்தேன். கைக்குக் கை போனது. முகர்ந்து பார்த்தார்கள், கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். இவ்வளவு மிருதுவான தோலை நாங்கள் செய்ததே இல்லை என்றாள் ஒருத்தி. எப்போது தொடங்கலாம் என்று கேட்டாள் இன்னொருத்தி.

முதலில் குழி வெட்ட வேண்டும் என்றேன். குழி வெட்டி முடிக்கும்வரை ஒரு டிரம்மிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். குழாயைத் திறந்ததிலிருந்து இலையில் சோறு போட்டது வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

செல்விதான் கேட்டாள். “அந்தப் பிள்ளையிட்ட எப்ப சொன்னனீ?”

“அடுத்த நாள்,” என்றேன். “மீனெல்லாம் செத்த பிறகு.”

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் ஒவ்வொரு கையாகத் திரும்பி என் மடிக்கு வந்து சேர்ந்தது.